கைராசியும் முப்பது மணிநேரமும்: துவாரகாவிலிருந்து ஒரு குறிப்பு

தில்லி மெட்ரோவின் நீலத் தடத்தில் துவாரகா செக்டர் 8, செக்டர் 9 என்று அடுத்தடுத்து இரு நிலையங்கள் வருகின்றன. அறையிலிருந்து நூலகத்துக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் இவ்விரண்டையும் கடக்கிறேன். செக்டர் 8இல் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. செக்டர் 9இல் மருத்துவ அறிவியல்களுக்கான தேசியத் தேர்வு வாரியம் இருக்கிறது. எந்தக் கல்லூரி மருத்துவம் கற்பிக்கலாம், யார் முதுநிலைப் படிப்பில் சேரலாம், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர் இங்கே தொழில் செய்யலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தீர்மானிக்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சிறு பரப்புக்குள்தான்.

அதாவது, இந்திய மருத்துவத்தின் நுழைவாயில்கள் இங்கே இருக்கின்றன. என் கேள்வி நுழைவாயிலைப் பற்றியதன்று. வாயிலைக் கடந்து உள்ளே போனவரைப் பற்றியது. 30 வயதில் அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெறும் ஒருவர் 65 வயதுவரை அறுவை செய்கிறார் என்று கொள்வோம். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் அவருடைய கையை யார் பார்க்கிறார்கள்? யார் திருத்துகிறார்கள்? யார் மதிப்பிடுகிறார்கள்?

இக்கேள்வி எனக்கு நூலகத்தில் எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் என்று தெரிந்தது. ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவமனையில் துளைவழி அறுவை செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர் கைராசிக்காரர்தானே?" ஆய்வு மாணவர் என்ற மிடுக்கில் நான் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடினேன். பெயர், பதிவெண், பட்டம், பட்டம் பெற்ற ஆண்டு, பல்கலைக்கழகம் ஆகியவை இருந்தன. அவர் இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறார், எங்கே கற்றார், கடந்த ஐந்தாண்டுகளில் அவருடைய நோயாளிகள் எப்படித் தேறினார்கள் என்பதைச் சொல்ல அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. அத்தையின் கைராசிக் கேள்வியைவிட என் தேடல் எந்த வகையிலும் மேலானதாக இருக்கவில்லை.

அறுவையின்போது பித்தநாளத்தில் காயம் ஏற்பட்டது. வேறொரு நகரத்துக்குக் கொண்டுசென்று இரண்டாம் முறை அறுவை செய்து அம்மாவை மீட்டோம். தேர்ந்த கைகளுக்கும் நேரக்கூடிய சிக்கல் அது என்பதை நான் அறிவேன். ஆகவே அந்த மருத்துவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய கையைப் பற்றி அறிவதற்கு எங்களுக்கு மட்டுமன்று, அவருக்கே ஒரு வழியை இந்த அமைப்பு வைத்திருக்கவில்லை என்பதுதான் என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது.

*

மொழியியல் படித்தவர் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தின் 'சர்ஜரி' என்ற சொல் கிரேக்கத்தில் 'கை', 'செயல்' என்ற இரு சொற்களின் கூட்டிலிருந்து வந்தது. கைவினை என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் இத்துறைக்கு வந்த பெயர்கள் வேறு வேறு இடங்களைச் சுட்டுகின்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் வெளியிட்ட அறுவை நூலின் பெயர் 'இரண வைத்தியம்'. பெயர் புண்ணைச் சுட்டுகிறது. இலங்கையில் இன்றும் வழங்கும் 'சத்திர சிகிச்சை' கருவியைச் சுட்டுகிறது. தமிழகத்தில் நிலைபெற்ற 'அறுவை' செயலைச் சுட்டுகிறது. கையைச் சுட்டும் ஒரே சொல் மக்கள் வழக்கில்தான் இருக்கிறது. அது கைராசி. ஆனால் அந்தச் சொல்லில் கையோடு ஒட்டிக்கொண்டிருப்பது பயிற்சியன்று, ராசி. கற்பிக்க முடியாததும் அளக்க முடியாததுமான ஒரு பேறாக மக்கள் அதைக் கருதுகிறார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு மருத்துவருக்கும் இன்னொரு மருத்துவருக்கும் இடையே கைத்திறனில் வேறுபாடு உண்டு என்பதை மக்கள் தம் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். அதைச் சரிபார்க்கும் வழி அவர்களுக்குத் தரப்படவில்லை. விளக்கம் கிடைக்காத வேறுபாட்டுக்கு ராசி என்று பெயரிட்டார்கள். சட்டம் அதற்கு என்ன பெயரிட்டது என்பதைப் பார்ப்போம்.

*

கையைப் பழக்குவது பழைய செய்தி. சுசுருத சங்கிதையில் இதற்கென ஓர் இயலே உண்டு. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுத்துப் பழகுவது, தாமரைத் தண்டில் நாளங்களைத் துளைத்துப் பழகுவது, நீர் நிரப்பிய தோற்பைகளில் பயில்வது என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மாற்றுப்பொருளை அது வகுத்துள்ளது. அதை அடுத்து வரும் இயல், மருத்துவர் தொழிலில் இறங்குமுன் அரசனின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. முதலில் பயிற்சி, பிறகு உரிமம். உரிமத்துக்குப் பின் மறுபரிசோதனை அங்கும் இல்லை.

நவீனச் சட்டம் பிரிட்டனின் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்திலிருந்து நமக்கு வருகிறது. அச்சட்டம் ஒரு பதிவேட்டை உருவாக்கியது. பதிவேட்டில் ஏறுவதற்குத் தகுதி, இறக்கப்படுவதற்கு இழிநடத்தை என்ற இரு அளவுகோல்களை அது நிறுவியது. அந்த வார்ப்பில்தான் பம்பாயில் 1912இலும் சென்னை மாகாணத்திலும் வங்கத்திலும் 1914இலும் மருத்துவப் பதிவுச் சட்டங்கள் வந்தன. இன்றைய தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் வேர் அந்த 1914ஆம் ஆண்டுச் சட்டமே. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1934இல் இந்திய மருத்துவ மன்றம் அமைந்தது. 1956இல் புதிய சட்டம் வந்து அந்த மன்றத்தை விரிவாக்கியது.

இச்சட்டங்களை ஒருசேர வாசிக்கும்போது ஓர் இலக்கண ஒழுங்கு புலப்படுகிறது. தகுதியைப் பற்றிய வினைகளெல்லாம் இறந்தகாலத்தில் நிற்கின்றன: பட்டம் பெற்றவர், தேர்ச்சி அடைந்தவர், பதிவு செய்யப்பட்டவர். நிகழ்காலத்தில் மருத்துவரிடம் சட்டம் எதிர்பார்ப்பது நன்னடத்தையை மட்டுமே. அறிவு வாயிலில் ஒருமுறை சோதிக்கப்படுகிறது. ஒழுக்கம் வாழ்நாள் முழுதும் கண்காணிக்கப்படுகிறது. கை எந்தக் காலத்திலும் பேசப்படுவதில்லை.

தேர்வு நிறுவனங்களின் வரலாறும் இதே திசையில்தான் செல்கிறது. 1975இல் தேசிய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கிய தேசியத் தேர்வு வாரியம் 1982இல் தனி அமைப்பாயிற்று. முதுநிலைத் தகுதிக்கு நாடு முழுமைக்கும் ஒரே தரம் வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்று முதுநிலை நுழைவுத் தேர்வு, உயர்சிறப்பு நுழைவுத் தேர்வு, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு என்று பெருந்தேர்வுகளை அது நடத்துகிறது. அவற்றின் அளவும் ஒழுங்கும் வியக்கத்தக்கவை. ஆனால் அவை யாவும் வாயில்கள்.

*

வாயிலில் மட்டும் சோதிக்கும் முறை, தொழில் மாறாமல் இருக்கும் காலத்துக்குப் பொருந்தலாம். அறுவை மருத்துவம் அப்படி நிற்கவில்லை. அம்மாவின் பித்தப்பையே இதற்குச் சான்று.

ஜெர்மனியில் 1985இல் எரிக் மூஹே துளைவழியாகப் பித்தப்பையை அகற்றினார். 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே காணொளிக் கருவியைக் கொண்டு அதைச் செய்தார். 1990இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்தன் உத்வாடியா இந்தியாவில் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் அதுவே வழக்கமான முறையாயிற்று. வயிற்றைத் திறந்து, உறுப்பைக் கையால் தொட்டுணர்ந்து பழகியவர்கள், திரையைப் பார்த்தபடி நீண்ட கருவிகளை இயக்க வேண்டியதாயிற்று. ஆழம் தெரியாது, தொடுவுணர்வு குறைவு, கருவியின் நுனி கைக்கு எதிர்த்திசையில் நகரும். பட்டமும் பதிவும் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்ட ஒரு தலைமுறை, முற்றிலும் புதிய ஒரு கைவினையைத் தொழிலின் நடுவில் கற்றது. பலர் அதை ஓரிரு நாள் பயிலரங்குகளில் கற்றார்கள். பித்தநாளக் காயங்கள் பல நாடுகளில் அதிகரித்தன. தொடக்க அறுவைகளை மேற்பார்வையில் செய்து முடித்த பின்னரே தனித்துச் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை 1992இல் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்த நேர்ந்தது.

இந்தியப் பதிவேட்டில் இந்தப் பெருமாற்றத்தின் சுவடே இல்லை. 1980இல் முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கு அதில் ஒரு வரி. அவர் 1995இல் துளைவழி அறுவையைக் கற்றாலும் கற்காமலே செய்தாலும் அதே வரிதான்.

இந்த இடைவெளியைக் கண்டு முதலில் செயல்பட்டது தொழில்முறைச் சங்கங்களே. 1938இல் தொடங்கி இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்திய அறுவை மருத்துவர் சங்கம் ஆண்டு மாநாடுகளோடு தொடர்கல்வி வகுப்புகளையும் நடத்துகிறது. கோயம்புத்தூரில் சி. பழனிவேலு முன்னின்று உருவாக்கிய இந்தியக் குறைதுளை அறுவை மருத்துவர் சங்கம், பயிற்சிப் பெட்டியில் தையலும் முடிச்சும் பழக்கி, தேர்வு வைத்துத் தகுதி வழங்குகிறது. ஏற்கெனவே அறுவை மருத்துவராக இருப்பவர் மீண்டும் மாணவராக அமரும் இடம் இது. ஆயினும் இவை விருப்பத்தின் பேரில் நடப்பவை. கற்க விரும்புவோர் வருகிறார்கள். கற்க வேண்டியவர் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

*

சட்டம் தொடர்கல்வியை எண்ணில் குறித்தது 2002இல். அவ்வாண்டின் தொழில்நடத்தை விதிகள், மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணிநேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்வுகளில் பங்கேற்க வேண்டும் என்றன. கணக்கிட்டால் மாதத்துக்கு அரைமணி நேரம்.

இந்த விதியின் மொழியில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, எழுவாய். 'மருத்துவர்' என்ற பொதுப்பெயரே அங்கு நிற்கிறது. தோல் மருத்துவருக்கும் இதய அறுவை மருத்துவருக்கும் ஒரே அளவு. இரண்டாவது, வினை. பங்கேற்பதுதான் கோரப்படுகிறது. கற்றதைக் காட்டுவது கோரப்படவில்லை. மூன்றாவது, வினையின் வலிமை. ஆங்கில மூலத்தில் பங்கேற்பதைக் குறிக்கும் துணைவினை அறிவுரைத் தன்மையுடையது. பங்கேற்றதை மன்றத்துக்குத் தெரிவிப்பதைக் குறிக்கும் துணைவினை கட்டளைத் தன்மையுடையது. தமிழில் இரண்டையும் 'வேண்டும்' என்றே பெயர்ப்போம், வேறுபாடு மறைந்துவிடும். மூலத்திலோ கற்பது நல்லது, கணக்குக் காட்டுவது கட்டாயம் என்ற தொனி இருக்கிறது. தில்லி, மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களின் மன்றங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் முறையோடு இதை இணைத்தன. அங்கும் எண்ணப்படுவது மணிநேரமே.

இதற்கிடையில், மதிப்பீடு வேறொரு வாயில் வழியாக உள்ளே வந்திருந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் பெற்று வழங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அறுவை மருத்துவரின் கையை வெளியார் பரிசீலிக்கும் முதன்மையான இடம் நுகர்வோர் மன்றமாயிற்று. பரிசீலனை தீங்கு நேர்ந்த பிறகு நடக்கிறது. அதன் நோக்கம் இழப்பீடு. அந்தக் கை அடுத்த நோயாளியிடம் எப்படிச் செயல்பட வேண்டும் என்று கற்பிப்பது நீதிமன்றத்தின் வேலையன்று.

2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2020 செப்டம்பர் 25 அன்று பழைய மன்றத்தின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய தொழில்நடத்தை விதிகள் வெளியாயின. தொடர் தொழில்முறை மேம்பாடு அவரவர் துறை சார்ந்ததாக இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களே அதை நடத்த வேண்டும் என்பன போன்ற தெளிவுகள் அவற்றில் இருந்தன. ஐந்தாண்டுக்கு 30 என்ற எண் மட்டும் மாறவில்லை. ஆகஸ்ட் 23 அன்று விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. சர்ச்சை எழுந்தது தொடர்கல்வியைப் பற்றியன்று. மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுதும் கட்டாயமும், மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கருத்தரங்குகளில் பங்கேற்பதன் மீதான தடையும்தான் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தன. அவற்றோடு சேர்ந்து தொடர்கல்வி விதியும் உறங்கப் போயிற்று. 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. 21 நாள்கள் மட்டும் வாழ்ந்த விதிகளின் இந்தக் கதையில், அறுவை மருத்துவரின் கையைப் பற்றி எவரும் வாதிடவில்லை.

*

பிற நாடுகள் இதைத் தீர்த்துவிட்டனவா? முழுமையாக இல்லை. ஆனால் அவை வேறு கேள்விகளைக் கேட்டன.

1937இல் தொடங்கிய அமெரிக்க அறுவை மருத்துவ வாரியம் தொடக்கத்தில் வாழ்நாள் சான்றிதழையே வழங்கியது. 1976 முதல் அதைப் பத்தாண்டுச் சான்றாக்கி, காலம் முடிந்ததும் மறுதேர்வு எழுத வைத்தது. அம்முறை மனப்பாடத்தைத்தான் சோதிக்கிறது என்ற அதிருப்தி வளர்ந்தது. 2018 முதல், இரண்டாண்டுக்கு ஒருமுறை, நூல்களைத் திறந்துவைத்து, தம் பணிக்கு நெருக்கமான பகுதியைத் தேர்ந்தெடுத்து விடையளிக்கும் முறைக்கு அது மாறியது. வடிகட்டும் தேர்வு கற்பிக்கும் தேர்வாக மாறத் தொடங்கியது எனலாம்.

பிரிட்டனில் மாற்றம் ஒரு பேரிழப்பிலிருந்து பிறந்தது. பிரிஸ்டல் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இதய அறுவையை விசாரித்த குழு, 1991 முதல் 1995 வரை எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று 2001இல் அறிக்கை தந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் தகுதியற்றவர்கள் அல்லர். பட்டமும் பதிவும் உடையவர்கள். அவர்களுடைய விளைவுகளைத் தொடர்ந்து கவனித்து, நிறுத்தச் சொல்லும் ஏற்பாடுதான் இல்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் 2012 டிசம்பரில் அந்நாட்டில் மறுசான்றளிப்பு நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் மதிப்பாய்வு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிம உறுதி என்பது அதன் வடிவம்.

இவ்விரண்டிலும்கூடக் கை நேரடியாகப் பார்க்கப்படவில்லை. அதைப் பார்த்தது ஓர் ஆய்வு. மிச்சிகனில் உடற்பருமன் அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தத்தம் அறுவையின் காணொளி ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்துத் தந்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாத நிலையில் சக மருத்துவர்கள் மதிப்பெண் இட்டார்கள். 2013இல் வெளியான முடிவு: மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் விகிதம் 14.5 விழுக்காடு. முதல் கால்பகுதியினரின் நோயாளிகளுக்கு 5.2 விழுக்காடு. நம் வீட்டுப் பெரியவர்கள் கைராசி என்று அழைத்தது கண்ணுக்குத் தெரிவது, சகமருத்துவர் பார்த்தால் இனங்காணத்தக்கது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனங்காண முடிவதைத் திருத்தவும் முடியும். மகாராஷ்டிரப் பூர்வீகம் கொண்ட பாஸ்டன் மருத்துவர் அதுல் கவாண்டே, பல ஆண்டுகள் அனுபவம் பெற்ற பின், ஓய்வுபெற்ற தம் ஆசிரியரைத் தம் அறுவை அரங்குக்கு அழைத்து, ஓரமாக நின்று கவனிக்கச் சொன்னதைப் பற்றி 2011இல் எழுதினார். ஆசிரியர் சுட்டியவை சிறிய செய்திகள்: முழங்கை உயர்ந்துவிடுகிறது, விளக்கின் ஒளி புண்ணைவிட்டு விலகியிருந்தது உங்களுக்குத் தெரியவில்லை. எந்தத் தேர்வுத்தாளாலும் இவற்றைக் கண்டிருக்க முடியாது.

இங்கே மீண்டும் ஒரு சொல். ஆங்கிலத்தில் இத்தகைய ஆசிரியரை 'கோச்' என்கிறார்கள். ஹங்கேரியின் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்த அச்சொல்லுக்கு முதலில் குதிரை வண்டி என்று பொருள். 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தம்மைத் தேர்வின் மறுகரைக்குச் சுமந்து செல்லும் தனியாசிரியரைக் கேலியாக அப்படி அழைத்தார்கள். பின்னரே அது விளையாட்டுக்குப் போயிற்று. நாம் அந்த முதல் கேலிப்பொருளையே இறுகப் பற்றிக்கொண்டோம். தில்லி கௌதம் நகரில் கோச்சிங் என்றால் நுழைவுத் தேர்வு. வாயிலின் அப்புறம் சென்றதும் வண்டி திரும்பிவிடுகிறது. உள்ளே நடக்கும் நெடும்பயணத்துக்குத் துணைவருபவரைக் குறிக்க நம்மிடம் நடைமுறையும் இல்லை, ஆகவே சொல்லும் இல்லை.

*

ஆனால் எடுத்துக்காட்டு உண்டு. அதுவும் தமிழ்நாட்டில்.

வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, மருத்துவரான சில ஆண்டுகளில் முடக்குவாதத்தால் தாக்கப்பட்டார். விரல்கள் முறுக்கிக்கொண்டன. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களைக் கொண்டே கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ராசியைப் பற்றிப் பேசினால், அந்தக் கைக்கு ராசியே கிடையாது. பழக்கம் மட்டுமே இருந்தது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்த உண்மையை நிறுவன வழக்கமாக்கியது. அங்கு ஒவ்வோர் அறுவையின் விளைவும் செய்தவரின் பெயரோடு பதிவாகிறது. சிக்கல் விகிதம் மருத்துவர்வாரியாகக் கணக்கிடப்படுகிறது. ஒருவரின் எண் உயர்ந்தால், மூத்தவர்களோடு சேர்ந்து காரணம் தேடப்படுகிறது. மதிப்பீடும் பயிற்சியும் அங்கே ஒரே செயலின் இரு முகங்கள். சட்டம் கேட்டு அதைச் செய்யவில்லை.

விளைவைப் பதிவுசெய்யும் மரபும் நமக்கு அயலானதன்று. தஞ்சை இரண்டாம் சரபோசி காலத்துக் கண்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள் வண்ணப் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அண்மைக்கால முன்மாதிரியும் ஒன்று உண்டு. மகப்பேற்றின்போது நேரும் தாய் இறப்புகளைத் தனித்தனியே ஆராயும் முறையைத் தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கியது. யாரைத் தண்டிப்பது என்பதைவிட, எந்தக் கண்ணி அறுந்தது என்பதே அதன் முதன்மைக் கேள்வி. மருத்துவச் செயலின் விளைவைக் கூட்டாக உட்கார்ந்து ஆராயும் துணிவு நம் பொதுச் சுகாதாரத் துறைக்கு இருந்திருக்கிறது.

*

எதிர்வாதங்கள் வலுவானவை. அவற்றை மறைப்பது நேர்மையன்று.

வட்ட மருத்துவமனையில் தனியொருவராக எல்லா அறுவைகளையும் செய்பவரிடம் மேலும் ஒரு படிவத்தை நீட்டினால், அவர் கடினமான நோயாளிகளைப் பெருநகருக்கு அனுப்பத் தொடங்குவார். விளைவுகளை எண்ணினால், எண்ணைக் காப்பதற்காக ஆபத்தான அறுவைகளைத் தவிர்ப்பார்கள். காணொளி எடுத்தால், நாளை அது நீதிமன்றத்தில் சான்றாகும் என்று அஞ்சுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பிடும் அமைப்பின் மீது நம்பிக்கை வேண்டும். ஊழல் குற்றச்சாட்டுகளை அடுத்து 2010இல் மத்திய அரசு இந்திய மருத்துவ மன்றத்தைக் கலைத்து ஆளுநர் குழுவிடம் ஒப்படைத்ததை இந்தத் தொழில் மறக்கவில்லை. கல்லூரி ஆய்வில் நடந்தவை அறுவை அரங்க ஆய்விலும் நடக்காது என்று யார் உறுதி சொல்வது?

இவ்வாதங்களெல்லாம் தண்டிக்கும் மதிப்பீட்டுக்கு எதிரானவை. கற்பிக்கும் மதிப்பீட்டுக்கு எதிரானவை அல்ல. ஆகவே என் பரிந்துரை சிறியது. உரிமத்தையும் பயிற்சியையும் முதலில் பிரித்துவைப்போம். ஐந்தாண்டின் 30 மணிநேரத்தில் ஆறு மணிநேரத்தை மட்டும், அறுவை மருத்துவர்களுக்கு, அரங்கில் இன்னொருவர் முன்னிலையில் அறுவை செய்யும் நேரமாக மாற்றலாம். பார்ப்பவர் அதே மாவட்டத்தின் ஓய்வுபெற்ற மூத்தவராக இருக்கலாம். அவர் எழுதும் குறிப்பு அறுவை செய்தவரிடமே இருக்கட்டும். அந்தச் சந்திப்பு நடந்தது என்பதை மட்டும் மன்றம் அறிந்தால் போதும். குறிப்பைச் சட்டம் காக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய தேர்வு வேண்டாம். 2002இன் விதியில் 'பங்கேற்றல்' என்ற வினையின் பொருளைச் சற்று விரித்தால் போதும். பயிற்சியில் நம்பிக்கை பிறந்த பிறகு மதிப்பீட்டைப் பற்றி அத்தொழிலே பேசத் தொடங்கும். அமெரிக்க வாரியம் மறுதேர்விலிருந்து கற்பிக்கும் தேர்வுக்கு வர 40 ஆண்டுகளுக்கு மேலாயின. நாம் அந்த முடிவிலிருந்தே தொடங்கலாம்.

*

அம்மா நலமாக இருக்கிறார். இரண்டாம் அறுவையைச் செய்தவரைப் பற்றி இன்றும் "அவருக்குக் கைராசி" என்றுதான் சொல்கிறார். வீடு திரும்பும் நாளில் அந்த மருத்துவரிடம், இந்த அறுவையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பட்டத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு மூத்தவர் ஒருவர் இரண்டு வருஷம் பக்கத்தில் நின்றார்" என்றார். "இப்போதும் சிக்கலான கேஸ் என்றால் அவரைக் கூப்பிடுவேன். வந்து நிற்பார். சில நேரம் ஒன்றுமே சொல்லமாட்டார்."

செக்டர் 8இன் பதிவேட்டில் அந்த மூத்தவர் பக்கத்தில் நின்ற ஆண்டுகளுக்கு இடமில்லை. செக்டர் 9இன் தேர்வுகளில் அதற்கு மதிப்பெண் இல்லை. அம்மாவின் மொழியில் மட்டும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, பொருள் சற்று விலகிய சொல்.

இது முடிந்த ஆய்வன்று, ஆய்வுக்கான கேள்வி. தங்கள் மாவட்டத்திலோ மருத்துவமனையிலோ பணியிலிருக்கும் அறுவை மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தால், குறிப்பாக மருத்துவ மாணவர்களும் ஆசிரியர்களும், எழுதுங்கள். அந்த வழக்கத்துக்கு உங்கள் அரங்கில் என்ன பெயர் வழங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் மொழியியல் மாணவர் என்ற முறையில் இரட்டிப்பாக மகிழ்வேன்.